கட்டற்ற இயங்குதளங்களும் நம் சங்கக் கணினிகளும்

(அங்கத்தினர் கல்விப் பாடம்)

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரங்களில் கணினி இல்லாத கூட்டுறவுச் சங்கத்தைக் காண்பது இந்நாளில் அரிதாகிவிட்டது. நகைக் கடன் கணக்கு, உர இருப்பு, நூல் வழங்கிய விவரம், நெசவுக் கூலி, அங்கத்தினரின் பங்குத் தொகை ஆகிய யாவும் அதனுள் ஏறியிருக்கின்றன. முன்னாளில் பேரேடு அலமாரியில் இருந்தது. அலமாரியின் சாவி காரியதரிசியிடம் இருந்தது. தலைவரும் தணிக்கையாளரும் வேண்டியபோது திறந்து பார்த்தனர். இந்நாளைய பேரேட்டின் சாவி யாரிடம் இருக்கிறது? இவ்வினாவுக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

இவ்வினாவை இப்போது எழுப்புவதற்குத் தக்க காரணம் உண்டு. நம் சங்கங்கள் பலவற்றில் பயன்பட்டுவரும் விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு, அதனை ஆக்கிய மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்துவந்த பொதுவான பராமரிப்பு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளுடன் முடிவுற்றது. அன்றோடு கணினி நின்றுவிடவில்லை. வழக்கம்போல் இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆயினும், புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகளை அடைக்கும் திருத்தங்கள் அதற்கு வழக்கம்போல் வருவதில்லை. கூரையின் ஓடுகள் உடைந்தால் மாற்ற ஆள் வரமாட்டான் என்னும் நிலைக்கு இதனை ஒப்பிடலாம். மழை வரும்வரை குறை தெரியாது. 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘வான்னாகிரை’ என்னும் தீநிரல் உலகெங்கும் பரவி, இங்கிலாந்து நாட்டு மருத்துவமனைகளின் வேலையைக்கூட முடக்கியது. அது புகுந்த வழியை அடைக்கும் திருத்தம் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது. திருத்தம் பெறாத கணினிகளே பெரும்பாலும் துன்புற்றன என்பது இங்கே கவனிக்கற்பாலது.

புதிய விண்டோஸ் 11-க்கு மாறிக்கொள்ளலாமே எனில், அதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய செயலகமும் கட்டாயம் வேண்டும் என அந்நிறுவனம் விதித்துள்ளது. 2018-ஆம் ஆண்டுக்கு முன்னர் வாங்கப்பெற்ற கணினிகளிற் பெரும்பாலானவை இவ்விதியைக் கடக்கமாட்டா. நன்றாக இயங்கும் இயந்திரத்தை ஒதுக்கிவிட்டுப் புதியது வாங்கவேண்டும் என்பது இதன் பொருள். இது முதன்முறையும் அன்று. விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு 2014-ஆம் ஆண்டிலும், விண்டோஸ் 7-க்கு 2020-ஆம் ஆண்டிலும் இவ்வாறே பராமரிப்பு நின்றது. கணக்குக்காக, ஒரு கணினியின் விலை நாற்பதாயிரம் ரூபாய் எனக் கொள்வோம். மூன்று கணினிகள் உள்ள சங்கத்துக்கு ஒரு இலட்சத்து இருபதினாயிரம் ரூபாய் செலவாகும். அது தலைவரின் பணமன்று, காரியதரிசியின் பணமும் அன்று, அங்கத்தினரின் பணம். எனவே, வேறு வழி உண்டா என ஆராயாமல் அத்தொகையைச் செலவிடுவது முறையாகாது.

இயங்குதளம் என்பது யாது?

கணினியைத் தறியாகக் கொண்டு சிந்திப்போம். தறியின் மரச்சட்டம், அச்சு, மிதி முதலியன கண்ணுக்குப் புலப்படும் பாகங்கள். இவற்றைக் கணினியின் வன்பொருளுக்கு ஒப்பிடலாம். ஆனால் முந்தானையில் மயிலும் மாங்காயும் எழும்புவது மரச்சட்டத்தினால் அன்று. ஜக்கார்டு பெட்டியில் ஏற்றிய அட்டைகளினால். எந்த இழை மேலே எழவேண்டும், எது கீழே நிற்கவேண்டும் என்னும் ஆணைகள் அவ்வட்டைகளில் துளைகளாகக் குத்தப்பட்டிருக்கின்றன. பிரான்சு நாட்டு ஜக்கார்டு என்பார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த இவ்வேற்பாடே, கணினிக்கு ஆணைகளை எழுதிவைக்கும் எண்ணத்திற்கு முன்னோடிகளுள் ஒன்று என்பர். கணினிக்கான இத்தகைய ஆணைத் தொகுப்பை மென்பொருள் என்கிறோம்.

மென்பொருள்களுள் அடிப்படையானது இயங்குதளம். கடிதம் எழுதும் செயலி, கணக்குச் செயலி, அச்சுப்பொறி, விசைப்பலகை ஆகிய அனைத்துக்கும் வேலையைப் பகிர்ந்தளித்து, ஒன்றோடொன்று மோதாமற் காப்பது அதுவே. மேசைக் கணினியில் விண்டோஸ், லினக்ஸ் என்பனவும், கைப்பேசியில் ஆண்ட்ராய்டு என்பதும் இயங்குதளங்களே.

‘கட்டற்றது’ என்பதன் பொருள்

அட்டை குத்துபவரிடம் இரண்டு வகையான ஏற்பாடுகளை நெசவாளர் செய்துகொள்ளக்கூடும் என வைத்துக்கொள்வோம். முதல் வகையில், அட்டை மூடிய பெட்டிக்குள் முத்திரையிட்டுத் தரப்படும். நெய்யலாம், திறக்கலாகாது, பூவின் இதழ் ஒன்று கோணலாக விழுந்தாலும் அவரிடமே போகவேண்டும், மற்றொரு தறிக்குப் பிரதி எடுத்தால் குற்றம். இரண்டாம் வகையில், அட்டையோடு வரைபடத் தாளும் கையில் தரப்படும். நெசவாளர் தாமே திருத்தலாம். அண்டை வீட்டாருக்கும் கொடுக்கலாம். முன்னையது தனியுரிமை மென்பொருள். பின்னையது கட்டற்ற மென்பொருள். வரைபடத் தாளுக்கு ஒப்பானதை மூலநிரல் என வழங்குகிறோம்.

பயிரிடுவோர் விதையைக் கொண்டு இதனை எளிதில் உணரலாம். அறுவடையிற் சிறந்த கதிர்களைத் தெரிந்து விதைநெல்லாகக் கோட்டை கட்டி வைப்பதும், அதனை அயலாரோடு மாற்றிக்கொள்வதும் நம் முன்னோர் வழக்கம். 2001-ஆம் ஆண்டின் பயிர் இரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும், விதையைச் சேமிக்கவும் மீண்டும் விதைக்கவும் பரிமாறிக்கொள்ளவும் உழவருக்குள்ள உரிமையை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆண்டுதோறும் கடையில் வாங்கியே தீரவேண்டிய விதைக்கும், களஞ்சியத்தில் காத்த விதைக்கும் உள்ள வேற்றுமை, இருவகை மென்பொருளுக்கும் உண்டு.

கட்டற்ற மென்பொருள் நான்கு உரிமைகளைத் தருகிறது. எந்நோக்கத்திற்கும் பயன்படுத்தும் உரிமை. அது எவ்வாறு வேலை செய்கிறது என ஆராய்ந்து மாற்றும் உரிமை. பிரதிகளைப் பிறருக்கு வழங்கும் உரிமை. திருத்திய வடிவத்தையும் வழங்கும் உரிமை. இவ்வியக்கத்தை 1983-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் ‘குனு’ என்னும் திட்டத்தால் தொடங்கினார். பின்லாந்து நாட்டு மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டில் லினக்ஸ் என்னும் கருநிரலை வெளியிட்டார். இவ்விரண்டும் இணைந்ததன் பயனாகவே முழுமையான கட்டற்ற இயங்குதளம் உலகுக்குக் கிடைத்தது. 1993-இல் தோன்றிய டெபியன், 2004-இல் வந்த உபுண்டு, 2006-இல் வந்த லினக்ஸ் மின்ட் ஆகியவை அதன் வெவ்வேறு தொகுப்புகள். ஒரே நெல்லினின்று பச்சரிசியும் புழுங்கலரிசியும் அவலும் கிடைப்பதைப்போல எனக் கொள்க.

இதன் உரிமத்தில் கூட்டுறவாளர் சிந்திக்கத்தக்க விதி ஒன்று உண்டு. லினக்ஸ் பின்பற்றும் ஜி.பி.எல். என்னும் பொது உரிமத்தின்படி, அதனைத் திருத்திப் பிறருக்கு வழங்குகிறவர், தாம் திருத்திய மூலநிரலையும் அதே நிபந்தனைகளோடு வழங்கவேண்டும். பொதுவில் பெற்றதைத் தனக்கெனப் பூட்டிவைக்க அவரால் இயலாது. சங்கத்தின் காப்பு நிதியை அங்கத்தினர் தத்தமக்குப் பங்கிட்டுக்கொள்ளக் கூடாது என நம் விதிகள் தடுப்பதும் இதே எண்ணத்தினால் அன்றோ? பலர் சேர்ந்து ஆக்கியது பலருக்கும் நிலைக்கவேண்டும்.

‘கட்டற்றது’ என்பதை ‘இலவசம்’ எனக் குழப்பிக்கொள்ளலாகாது. பெரும்பாலும் உரிமக் கட்டணமின்றிக் கிடைப்பது உண்மையே. ஆனால் நிறுவுவதற்கும், பழுது நீக்குவதற்கும், பயிற்சி தருவதற்கும் உழைப்பு வேண்டும். உழைப்புக்குக் கூலி உண்டு. வேறுபாடு என்னவெனில், அக்கூலியை யாருக்கு அளிப்பது என்பதை நாமே தேர்ந்துகொள்ளலாம். அம்பத்தூரிலோ ஆவடியிலோ இருக்கும் பயிற்சி பெற்ற இளைஞர் ஒருவர் அப்பணியைச் செய்யலாம். அவர் சரியில்லையெனில் வேறொருவரை அமர்த்தலாம்.

நம் நாட்டின் அனுபவம்

இது மேனாட்டார் செய்தி மட்டுமன்று. சென்னையிலேயே இதற்குக் கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1998-ஆம் ஆண்டிலேயே லினக்ஸ் ஆர்வலர் குழு சென்னையில் தோன்றியது. மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக், தன் சென்னை மையத்தின் வழியாக ‘பாஸ்’ என்னும் இயங்குதளத்தை உருவாக்கி 2007-ஆம் ஆண்டில் முதல் பதிப்பை வெளியிட்டது. பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கமே அப்பெயர். டெபியனை அடித்தளமாகக் கொண்ட அது, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பணிபுரிய உதவுகிறது. பள்ளிகளுக்கென ‘எடுபாஸ்’ என்னும் பதிப்பும் உண்டு. 2012 முதல் ‘கணியம்’ என்னும் இதழ் இப்பொருளைப் பற்றித் தமிழிலேயே எழுதி வருகிறது. ஆங்கிலம் அறியாதார்க்கு வழி இல்லை என்பார் கூற்று இதனால் பொருந்தாததாகிறது.

தமிழக அரசின் எல்காட் நிறுவனம் 2007-ஆம் ஆண்டை ஒட்டித் தன் அலுவலகக் கணினிகளைச் சூசி லினக்ஸுக்கும் ஓபன் ஆபீஸ் என்னும் கட்டற்ற அலுவலகச் செயலிக்கும் மாற்றிக் காட்டியது. அரசு அலுவலகத்தின் அன்றாடக் கடிதங்களும் கணக்குகளும் விண்டோஸ் இன்றியும் நடக்கும் என்பதற்கு அது சான்று. மத்திய அரசும் 2015-ஆம் ஆண்டில், தன் அலுவலகங்களிற் கட்டற்ற மென்பொருளை முதன்மையாகக் கருதவேண்டும் என ஒரு கொள்கையை அறிவித்தது.

நம் மாவட்டத்தோடு நெருங்கிய மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள், மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தொடங்கிவைக்கப்பட்டது. அத்திட்டத்தின் மடிக்கணினிகளில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் ஆகிய இரண்டும் ஏற்றித் தரப்பட்டன. இயக்கும்போது எதனை வேண்டுமாயினும் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் நாம் அறிந்த வீடுகளிற் பெரும்பாலானவற்றில் மாணவர்கள் விண்டோஸையே திறந்தனர். மற்றொன்று எதற்காக இருக்கிறது என்பதை அவர்களுக்கு எடுத்துரைப்பார் இல்லை. உழவருக்குப் புதிய கருவியைக் கொடுத்துவிட்டு, அதனை ஓட்டும் முறையைக் காட்டாமற் போனால் அது தாழ்வாரத்தில் துருப்பிடிக்கும். இதுவும் அவ்வாறே ஆயிற்று.

அண்டை மாநிலமான கேரளத்தில் நிலைமை வேறு. 2001-ஆம் ஆண்டில் தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம், சில ஆண்டுகளிற் பள்ளிக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. ஆனால் இயங்குதளத்தை ஏற்றியதோடு அவர்கள் நிற்கவில்லை. ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தனர். பாடநூல்களை அதற்கேற்ப எழுதினர். தேர்வையும் அதிலேயே நடத்தினர். 2019-ஆம் ஆண்டில், இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்ட பள்ளிக் கணினிகளில் இது இயங்குவதாகவும், அதனால் ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் மிச்சமாவதாகவும் அத்திட்டத்தை நடத்தும் ‘கைட்’ நிறுவனம் அறிவித்தது. காக்களூரையும் கேரளத்தையும் ஒருங்கே வைத்து நோக்கினால், வெற்றி தோல்விகளைப் பயிற்சியே தீர்மானித்தது என்பது விளங்கும்.

மறுபக்கத்தையும் கூறுதல் நம் கடமை. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2013-ஆம் ஆண்டுக்குள் ஏறத்தாழ 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. ஆயினும், பிற அலுவலகங்களோடு கோப்புகளைப் பரிமாறுவதில் இடர்ப்பாடும் ஊழியர் குறைபாடுகளும் எழுந்தன. அரசியல் தலைமையும் மாறியது. 2017-ஆம் ஆண்டில் மீண்டும் விண்டோஸுக்குத் திரும்புவதென அந்நகர மன்றம் தீர்மானித்தது. தொடங்குவோரின் ஆர்வம் மட்டும் போதாது. பின்வரும் நிர்வாக சபையும் விளங்கிக்கொண்டு ஏற்குமாறு தீர்மானமும் பயிற்சியும் அமையவேண்டும் என்பதே இதிற் பெறத்தக்க பாடம்.

கோப்பு நம்முடையதா?

இயங்குதளத்தைவிட முக்கியமானது, கணக்கு எந்த வடிவத்தில் சேமிக்கப்படுகிறது என்பது. நாம் பார்வையிட்ட நெசவாளர் சங்கம் ஒன்றில், பல ஆண்டுகளின் கூலிப் பட்டியலும் சேமிப்பு நிதிப் பிடித்தமும் தனியார் ஒருவர் எழுதிய செயலியில் இருந்தன. அவர் தொழிலை விட்டு ஊரையும் விட்டார். கணினி பழுதுற்றபோது கோப்புகளின் பிரதி பத்திரமாகவே இருந்தது. ஆனால் அதனைத் திறக்கும் செயலி எங்கும் கிடைக்கவில்லை. நாற்பது ஆண்டு தறியில் அமர்ந்து கண்பார்வை மங்கிய முதியவர் ஒருவர் தம் சேமிப்புத் தொகையைக் கேட்டு வந்தார். மூன்று ஆண்டுப் பிடித்தத்துக்குச் சான்று காட்டச் சங்கத்தால் இயலவில்லை. அவர் வீட்டுப் பெட்டியில் பாதுகாத்த கூலிச் சீட்டுகளே இறுதியிற் சான்றாயின. சங்கத்தின் கணினியைவிட அம்முதியவரின் தகரப் பெட்டி நம்பத்தக்கதாக இருந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

அந்தக் கணினியில் லினக்ஸ் இருந்திருந்தால் மட்டும் இக்குறை நேர்ந்திராது எனச் சொல்ல இயலாது. லினக்ஸிலும் மூடிய வடிவச் செயலியை இயக்கலாம். ஆகவே, இயங்குதளம் எதுவாயினும், கணக்கு திறந்த வடிவத்தில் இருத்தல்வேண்டும் என்பதே முதல் விதி. லிப்ரே ஆபீஸ் என்னும் கட்டற்ற அலுவலகச் செயலி ‘ஓ.டி.எப்.’ என்னும் பொது வடிவத்திற் சேமிக்கிறது. அட்டவணைகளை ‘சி.எஸ்.வி.’ என்னும் எளிய வடிவத்திலும் ஏற்றுமதி செய்யலாம். இவ்வடிவங்களின் இலக்கணம் வெளிப்படையானது. இருபது ஆண்டுகள் கழிந்தபின்னும் எவரேனும் திறந்து படிக்க இயலும். லிப்ரே ஆபீஸ் விண்டோஸிலும் இயங்கும் ஆதலால், இம்மாற்றத்தை நாளையே தொடங்கலாம்.

தமிழ் எழுத்திலும் இதே சிக்கல் உண்டு. பழைய எழுத்துருக்கள் பலவற்றில் ஒவ்வொன்றும் தனக்கெனத் தனிக் குறிமுறை வைத்திருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில், மகாசபைத் தீர்மானம் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். தமிழக அரசு 2010-ஆம் ஆண்டில் யூனிகோடு முறையை ஏற்றுக்கொண்டது. லினக்ஸ் தொகுப்புகளில் யூனிகோடு தமிழும், தமிழ்99 விசைப்பலகையும் தனிச் செலவின்றி அமைத்துக்கொள்ளலாம். பழைய நடவடிக்கைக் குறிப்புகளை யூனிகோடுக்கு மாற்றிவைத்தல் ஒவ்வொரு சங்கமும் செய்யவேண்டிய பணி.

கைப்பேசியின் நிலை

அங்கத்தினர் பலர் கணினியைத் தொடாதவராயினும், கைப்பேசி இல்லாதவர் குறைவு. கோயம்பேட்டு விலையைக் கேட்பதும், வங்கியிற் பணம் வந்ததை அறிவதும் அதில்தான். ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது லினக்ஸ் கருநிரலே. அதன் அடிப்படைப் பகுதியும் கட்டற்ற முறையில் வெளியிடப்படுகிறது. ஆனால் கடையில் வாங்கும் கைப்பேசியில் அதன்மேல் கூகுள் நிறுவனத்தின் தனியுரிமைச் செயலிகளும், கைப்பேசி ஆக்கியவர் சேர்த்த செயலிகளும் ஏற்றப்பட்டிருக்கின்றன. அவற்றுட் சிலவற்றை நீக்கவும் இயலாது. சில ஆண்டுகளிற் பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுவிடுகின்றன.

இதற்கு மாற்றாக, 2016-ஆம் ஆண்டின் இறுதியில் தோன்றிய லினியேஜ் ஓ.எஸ். என்பது, உற்பத்தியாளர் கைவிட்ட பழைய கைப்பேசிகள் பலவற்றுக்குப் புதிய ஆண்ட்ராய்டை ஏற்றித் தருகிறது. போஸ்ட்மார்க்கெட் ஓ.எஸ்., உபுண்டு டச் போன்றவை மேசைக் கணினியின் லினக்ஸையே கைப்பேசிக்குக் கொணர முயல்கின்றன. நம் சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் வளர்ந்த நிறுவனம் ஒன்று ‘பார் ஓ.எஸ்.’ என்னும் இயங்குதளத்தை உருவாக்கி, 2023-ஆம் ஆண்டு ஜனவரியில் அறிமுகம் செய்தது. முன்கூட்டியே செயலிகளைத் திணிக்காமை அதன் சிறப்பு. தொடக்கத்தில் அது, கடுமையான பாதுகாப்புத் தேவையுள்ள நிறுவனங்களுக்கென்றே முன்வைக்கப்பட்டது.

ஆயினும், அங்கத்தினர் தம் ஒரே கைப்பேசியில் இச்சோதனையைச் செய்தல் தகாது என்றே கூறுவோம். மாற்றும்போது கைப்பேசியில் உள்ளவை அழியும்; தவறினால் கைப்பேசியே இயங்காமற் போகக்கூடும். மேலும், வங்கிச் செயலிகளும் பணப் பரிமாற்றச் செயலிகளும் மாற்று இயங்குதளங்களில் இயங்க மறுப்பது உண்டு. பணம் வரவேண்டிய நாளில் செயலி திறக்கவில்லையெனில், சுதந்திரத்தின் பயன் என்ன? பயன்படாது கிடக்கும் பழைய கைப்பேசி இருப்பின், விருப்பமுள்ள இளைஞர் அதில் பயிலட்டும். மற்றையோர், வேண்டாத செயலிகளை நீக்குதல், திருத்தங்களை உடனுக்குடன் ஏற்றல், எத்தனை ஆண்டுகளுக்குத் திருத்தம் உண்டு எனக் கேட்டறிந்து புதிய கைப்பேசி வாங்குதல் ஆகிய மூன்றையும் கடைப்பிடித்தாற் போதும்.

சங்கம் மேற்கொள்ளத்தக்க வழி

மாற்றம் விரும்பும் சங்கம் பின்வரும் முறையைப் பின்பற்றலாம்.

முதலாவதாக, ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பட்டியல் எழுதுக: வாங்கிய ஆண்டு, நினைவக அளவு, அதில் நடக்கும் வேலைகள், இணைந்துள்ள கருவிகள். உலாவியின் வழியே இயங்கும் செயலிகள் பெரும்பாலும் லினக்ஸிலும் இயங்கும். ஆனால் டேலி போன்ற கணக்குச் செயலிகள் விண்டோஸுக்கென்றே ஆக்கப்பட்டவை. அரசுத் துறையும் மத்தியக் கூட்டுறவு வங்கியும் விதித்துள்ள செயலிகளை நம் விருப்பப்படி மாற்ற இயலாது. 2022-ஆம் ஆண்டில் 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க மத்திய அரசு 2,516 கோடி ரூபாயில் திட்டம் ஒன்றை ஏற்றது. அத்தகைய திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகளில், துறையின் எழுத்து மூலமான அனுமதியின்றி எதையும் மாற்றலாகாது.

இரண்டாவதாக, கோப்புகள் அனைத்தையும் இரண்டு பிரதிகள் எடுக்க. ஒன்று சங்கத்திலும், மற்றொன்று வேறிடத்திலும் இருக்கட்டும். பிரதி எடுத்ததோடு நில்லாது, அதனை வேறொரு கணினியில் திறந்து பார்க்க. திறக்கப்படாத பிரதி பிரதியே அன்று.

மூன்றாவதாக, லினக்ஸ் தொகுப்பு ஒன்றைச் சிறு நினைவுக்கோலில் ஏற்றிச் சோதிக்க. கணினியில் உள்ள எதனையும் அழிக்காமல், அக்கோலிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். அச்சுப்பொறி, பாஸ்புத்தகம் அச்சிடும் பொறி, விரல்ரேகைக் கருவி, மின்னொப்பக் கோல் ஆகிய ஒவ்வொன்றும் இயங்குகிறதா எனச் சோதிக்கவேண்டும். தடை பெரும்பாலும் இங்கேதான் வரும். கருவியை விற்றவர் லினக்ஸுக்குரிய இணைப்பு நிரலைத் தருகிறாரா என்பதைக் கேட்டு எழுதி வாங்குக.

நான்காவதாக, எல்லாக் கணினிகளையும் ஒரே நாளில் மாற்றவேண்டா. கடிதப் போக்குவரத்துக்கு மட்டும் பயன்படும் ஒரு கணினியை முதலில் மாற்றுக. மூன்று மாதங்கள் அது நடப்பதைக் கண்டு, குறைகளை ஒரு நோட்டில் எழுதிவந்து, பின்னர் அடுத்ததைத் தொடுக. பழைய கணினிக்கு நினைவகத்தைச் சற்றுக் கூட்டி, சுழலும் வட்டுக்குப் பதிலாகத் திண்ம வட்டு பொருத்தினால், புதுக் கணினியின் விலையிற் சிறு பகுதிச் செலவில் அது மேலும் சில ஆண்டுகள் உழைக்கும். விண்டோஸ் இன்றியமையாத வேலைக்கென ஒரே ஒரு புதிய கணினி வாங்கினும் தவறில்லை. முன்னே கூறிய கணக்கில் ஒரு இலட்சத்து இருபதினாயிரம் ரூபாய்க்குப் பதில், நாற்பதாயிரமும் சில ஆயிரங்களுமே செலவாகும்.

ஐந்தாவதாக, குறைந்தது இரண்டு பேருக்குப் பயிற்சி அளிக்க. ஒருவர் மட்டும் அறிந்திருந்தால், அவர் பணி மாறிச் செல்லும் நாளில் சங்கம் மீண்டும் பூட்டிய பெட்டியின் முன் நிற்கும். வட்டாரத்துச் சங்கங்கள் நான்கைந்து கூடி ஒரு பயிற்சியாளரைப் பொதுவில் அமர்த்திக்கொண்டால் செலவு குறையும். நூலையும் உரத்தையும் மொத்தமாக வாங்கி விலையைக் குறைக்கும் நமக்கு இம்முறை புதிதன்று.

ஆறாவதாக, இவை யாவற்றையும் நிர்வாக சபையின் தீர்மானமாக எழுதி வைத்து, மகாசபையில் அங்கத்தினருக்கு விளக்குக.

நம் மாவட்டத்துத் திரூரில் 1904-ஆம் ஆண்டில் தொடக்க வேளாண்மைக் கடன் சங்கம் எழுந்தபோது, கந்துவட்டிக்காரரின் கணக்குப் புத்தகத்தைக் குடியானவர் புரட்டிப் பார்க்க வழியில்லை. எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு பாக்கி என்பதை அவர் சொன்னதே கணக்கு. சங்கம் வந்தபின்னரே, கணக்கைக் கேட்டுப் பார்க்கும் உரிமை அங்கத்தினருக்குக் கிடைத்தது. அவ்வுரிமை காகிதப் பேரேட்டுக்கு மட்டும் உரியதன்று. கணினிப் பேரேட்டையும் திறக்கவும், படிக்கவும், வேண்டின் வேறிடத்துக்கு எடுத்துச் செல்லவும் சங்கத்தால் இயலவேண்டும். அதற்குக் கட்டற்ற இயங்குதளம் ஒரு நல்ல துணை. எல்லாச் சங்கத்துக்கும் ஒரே நாளில் பொருந்தும் மருந்தென நாம் கூறவில்லை. ஆனால் ஆராயாமலே ஒதுக்கத்தக்கதும் அன்று.

படிப்பு வட்டத்தில் விவாதிப்பதற்குரிய வினாக்கள்

1. நம் சங்கத்தின் கணினிகளில் உள்ள இயங்குதளம் யாது? அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் எந்நாள்வரை உண்டு?

2. நம் கணக்குச் செயலியை எழுதியவர் நாளை தொழிலை விட்டால், பத்தாண்டுக் கணக்கை நம்மாற் படிக்க இயலுமா?

3. கோப்புகளின் பிரதியைக் கடைசியாகத் திறந்து பார்த்த நாள் எது?

4. காக்களூரில் தொடங்கிய மடிக்கணினித் திட்டத்திற்கும் கேரளப் பள்ளித் திட்டத்திற்கும் பயிற்சியில் இருந்த வேறுபாட்டை எடுத்துரைக்க.

5. வட்டாரத்துச் சங்கங்கள் கூடிப் பயிற்சியாளர் ஒருவரை அமர்த்துவதாயின், செலவை எவ்வாறு பகிர்ந்துகொள்ளலாம்?